எப்படி விலகுவது என்று யாரும் கேட்கவில்லை
ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா, தொடர்வதா என்று 2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் மக்களிடம் கேட்கப்பட்டபோது, வாக்களித்தவர்களில் 51.9 விழுக்காட்டினர் விலகலாம் என்றார்கள். எப்படி விலகுவது என்ற கேள்வி வாக்குச்சீட்டில் இல்லவே இல்லை. பின்னர் மூண்ட சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்து கிளைத்தவை என்றே நினைக்கிறேன். அப்போதைய பிரதமர் தெரசா மேயின் விலகல் ஒப்பந்தத்தை 2019இல் நாடாளுமன்றம் மூன்று முறை நிராகரித்தபோது, ஒன்றியத்தில் தொடர விரும்பியவர்களும் முற்றாக வெட்டிக்கொள்ளத் துடித்தவர்களும் ஒரே பக்கம் நின்று வாக்களித்தார்கள்.

ஒன்றியத்துக்கு வாரந்தோறும் அனுப்பும் 35 கோடி பவுண்டை மருத்துவச் சேவைக்குச் செலவிடலாம் என்று விலகல் தரப்பினர் சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியை அந்தக் கணக்கு கழிக்கவில்லை. இருப்பினும், பொய்க்கு மயங்கித்தான் மக்கள் வாக்களித்தார்கள் என்பதை (தோற்ற தரப்புக்கு அது வசதியான விளக்கம்) நான் ஏற்பதற்கில்லை. ஐரோப்பாவுக்குக் கார் ஏற்றுமதி செய்யும் நிசான் ஆலையை நம்பிப் பலர் பிழைக்கும் வடகிழக்கு இங்கிலாந்து நகரமான சண்டர்லாந்திலேயே 61 விழுக்காட்டினர் விலகலை ஆதரித்தார்கள்; சுரங்கங்களும் கப்பல் கட்டும் தளங்களும் மூடப்பட்ட காலத்திலிருந்தே லண்டன் தங்களைக் கண்டுகொள்ளவில்லை என்ற மனக்குறை அங்கே ஊறிக்கிடந்தது. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் தொடரவே விரும்பினார்கள். ஆயினும் 2020 ஜனவரி 31 அன்று அவர்களும் சேர்ந்தே வெளியேற வேண்டியதாயிற்று.