சாவி யார் சட்டைப்பையில்? என் காதல் சஸ்பென்ஸ் நாவலை ஏழு பேரிடம் கொடுத்துப் பார்த்த அனுபவம்

நாள் 1

மூன்றாவது வரைவு முடிந்தது. 31 அத்தியாயங்கள், 64,000 சொற்களுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு வருடமாக, வேலை முடிந்து வந்து ராத்திரி ஒன்பதரைக்கு மேல் உட்கார்ந்து எழுதியது. இதுவரை என்னைத் தவிர யாரும் படித்ததில்லை. இன்று ஏழு பிரதி பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, ஏழு பேரிடம் கொடுத்துவிட்டேன். பிடிஎஃப் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் ஓரத்தில் கிறுக்க இடம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. எல்லாரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: எந்த இடத்தில் போதும் என்று கீழே வைத்தீர்களோ, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். காரணம் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

கதை இதுதான். இறந்துபோன ஒரு நீதிபதியின் பழைய வீட்டில் குவிந்து கிடக்கும் புத்தகங்களைப் பட்டியல் போட மதி வருகிறாள். வீட்டில் இருப்பது நீதிபதியின் மகன் ஆதவன் மட்டும். அவனுக்கு நிச்சயமாகியிருந்த பெண் நான்கு வருடங்களுக்கு முன் அந்த வீட்டில் வைத்துத்தான் காணாமல் போனாள். மதிக்கு அவனைப் பிடித்துப்போகிறது. அவன் மேல் சந்தேகமும் வருகிறது. வீட்டுக்கு வந்துபோகிற இன்னொருவர் குடும்ப நண்பரான வக்கீல் மாமா. பரிவானவர்.

படிக்கக் கொடுத்த ஆட்களை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். அக்கா, சித்தி, கல்லூரித் தோழி மூவரும் காதல் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்பவர்கள். கூட வேலை பார்க்கும் இருவரும் தோழியின் கணவரும் துப்பறியும் கதை தவிர எதையும் தொடமாட்டார்கள். ஏழாமவர் எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர். அவர் எதையும் படிப்பார்.

நாள் 12

அக்கா போன் செய்தாள். "ஆதவன் தங்கம்டி. அவனைப் போய் அந்தப் பொண்ணு சந்தேகப்படுறாளே, ரெண்டு அறை விடணும்போல இருக்கு." ஒரே மூச்சில் படித்து முடித்திருக்கிறாள். எங்கேயும் கோடே போடவில்லையாம்.

சாயங்காலம் அலுவலகத்துத் தம்பி ஒருவர் பிரதியைத் திருப்பித் தந்தார். "மேடம், அவர் செய்யலைன்னு எட்டாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு இன்னும் இருபத்து மூணு அத்தியாயம்?"

எட்டாவது அத்தியாயம் ஆதவன் தன் வாயால் சொல்வது. அப்படி மொத்தம் ஐந்து அத்தியாயங்கள் வைத்திருக்கிறேன். காணாமல் போனவளை நினைத்து அவன் தூங்காமல் கிடக்கும் அந்த எட்டாவது அத்தியாயம்தான் இந்த நாவலிலேயே நான் அதிகம் உழைத்தது. அக்கா அழுதது அதைப் படித்து. தம்பிக்கு ஆர்வம் போனதும் அதைப் படித்துத்தான்.

நாள் 19

ஏழு பிரதியும் வந்துவிட்டது. மேசையில் வரிசையாக விரித்து, ஒரே பக்கத்தை ஏழிலும் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை யாராவது நாவல் எழுதினால் கட்டாயம் செய்து பாருங்கள். தனித்தனியாக வந்த கருத்துகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன. பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும்போதுதான் எல்லாரும் ஒரே இடத்தைச் சுற்றியே நிற்கிறார்கள் என்பது புரிகிறது.

138ஆம் பக்கம், பதினான்காவது அத்தியாயம். மின்சாரம் போயிருக்கிறது. பூட்டியே கிடக்கும் மாடி அறையை மதி திறந்துவிடுகிறாள். உள்ளே எதையோ பார்க்கிறாள். டார்ச்சோடு ஆதவன் வந்து நிற்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை மெதுவாக வெளியே விடுகிறான். அதற்கடுத்த வரி:

"ஆதவன் கதவைப் பூட்டினான். சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்."

இந்த வரிக்குப் பக்கத்தில் அக்கா ஒரு இதயம் வரைந்திருக்கிறாள். சித்தி, "பாவம், அவளுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு பதறுறான்" என்று எழுதியிருக்கிறார். தோழி வெறுமனே ஒரு டிக். அலுவலகத் தம்பி இரண்டு கேள்விக்குறி. இன்னொரு சக ஊழியர் இங்கே கோடு போட்டுக் கீழே வைத்துவிட்டார். தோழியின் கணவர் எழுதியிருந்ததுதான் என்னை உலுக்கியது: "இங்கே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை." ஆசிரியர் ஒன்றும் எழுதவில்லை. 'தன்' என்ற சொல்லை மட்டும் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார்.

அந்த வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி யாருடைய பையில் இருக்கிறது என்பதுதான் காட்சி. அதைப் பாசம் என்றும் படிக்கலாம், சிறை என்றும் படிக்கலாம். நான் அந்த வரியை எழுதியதே அப்படி இரண்டாகவும் தொனிக்க வேண்டும் என்றுதான். ஆனால் எட்டாவது அத்தியாயம் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவன் நல்லவன் என்று தெரிந்த பிறகு அந்தச் சாவி வெறும் சாவி.

காதல் கதை வாசகர்களுக்கு இது குறையாகவே படவில்லை. அதற்கும் காரணம் உண்டு. ரொமான்ஸ் என்ற வகை வாசகரிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறது: இருவரும் கடைசியில் சேருவார்கள். அந்த நம்பிக்கையோடு படிப்பவருக்கு நாயகன் மேல் வரும் சந்தேகம் ஊடல் மாதிரி, ரசிக்கத்தக்க ஒன்று. சஸ்பென்ஸ் வாசகருக்கு அப்படி எந்த வாக்கும் கிடையாது. அவருக்கு யார் வேண்டுமானாலும் என்னவாகவும் இருக்கலாம், இருக்க வேண்டும். இரண்டு தரப்புக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

நாள் 23

எழுதுவதை நிறுத்திவிட்டு அலமாரியைத் துழாவினேன். டாஃப்னி டு மாரியரின் 'ரெபெக்கா', 1938இல் வந்தது. (கதை தெரியக் கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள்.) முழுக்க முழுக்க இரண்டாவது மனைவியின் குரல். அவளுக்குப் பெயர்கூட இல்லை. கணவன் மாக்ஸிம் முகம் இறுகி உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், இறந்துபோன முதல் மனைவி ரெபெக்காவை நினைத்து ஏங்குகிறான் என்று அவள் நம்புகிறாள். நாமும் நம்புகிறோம். அவன் மனதுக்குள் போக ஒரே ஒரு அத்தியாயம் கிடைத்திருந்தால் நாவலே நின்றிருக்காது. 1847இல் வந்த 'ஜேன் ஐர்' நாவலும் அப்படித்தான், ஜேனின் கண் மட்டும்தான் நமக்கு.

ரெபெக்காவைத் தான்தான் சுட்டுக் கொன்றதாக மாக்ஸிம் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் அவள் மனதில் திரும்பத் திரும்ப ஓடுவது, 'இவன் அவளைக் காதலிக்கவே இல்லை' என்பதுதான். முதல்முறை படித்தபோது நானும் அவளோடு சேர்ந்து நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அதற்காகவே பிறகு என் மேல் எனக்குப் பயம் வந்தது. இதைப் பெரிய காதல் என்பவர்கள் இருக்கிறார்கள். சகிக்கவே முடியாத நாவல் என்பவர்களும் இருக்கிறார்கள். ஹிட்ச்காக் 1940இல் படமாக்கியபோது, கொலை விபத்தாக மாறிவிட்டது. கொலை செய்தவன் தண்டனை இல்லாமல் தப்பிப்பதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் அனுமதிக்கவில்லை. அந்த ஒரு மாற்றத்தோடு சாவியும் வெறும் சாவியாகிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. படம் அருமையான படம்தான். ஆனால் அந்தப் பயம் அதில் இல்லை.

அதே ஹிட்ச்காக்கிடம் இன்னொரு பாடமும் கிடைத்தது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் பதினைந்து நிமிடம் சஸ்பென்ஸ். மறைப்பதுதான் சஸ்பென்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். சொல்லிவிடுவதும் சஸ்பென்ஸாகும்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. காதலிப்பவனைப் பார்த்துப் பயமா, காதலிப்பவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமா? இரண்டும் வேறு வேறு நாவல்கள். நான் இரண்டையும் பாதிப் பாதி எழுதியிருக்கிறேன்.

நாள் 24 முதல் 47 வரை

சரி, இரண்டையும் முழுதாக எழுதிப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

'அ' பிரதி: ஆதவன் சொல்லும் அத்தியாயங்கள் எல்லாம் வெளியே. கிட்டத்தட்ட 9,500 சொற்கள் போயின. மதி பார்ப்பது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

'ஆ' பிரதி: ஆதவன் அத்தியாயங்கள் அப்படியே இருக்கும். கூடவே, காணாமல் போனவளின் கைப்பை வக்கீல் மாமாவின் மேசை அறைக்குள் இருப்பதை ஆறாவது அத்தியாயத்திலேயே வாசகருக்குக் காட்டிவிட்டேன். மதிக்கு அது தெரியாது. ஆதவனைப் பார்த்துப் பயந்து அவள் ஓடும் ஒவ்வொரு முறையும் வக்கீல் மாமா வீட்டுக்குத்தான் ஓடுகிறாள்.

'ஆ' வேகமாக எழுதி முடிந்தது. 'அ' படுத்தி எடுத்தது. ஆதவன் மனதில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துக் கை, கண், மௌனம், ஒரு பொருளை எங்கே வைக்கிறான் என்பதற்குள் அடைக்க வேண்டியிருந்தது. அவன் தூங்காமல் கிடந்த எட்டாவது அத்தியாயம் இப்போது ஒரே வரி: காலையில் மதி பார்க்கும்போது அவன் அறை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அவ்வளவு உழைத்ததை ஒரு விளக்காகச் சுருக்கியபோது வலித்தது. மறுநாள் படித்தபோது விளக்கே போதும் என்றிருந்தது. மனம் உறுத்தி முழித்திருந்தானா, ஏங்கி முழித்திருந்தானா, யாருக்குத் தெரியும்.

இதற்கிடையில் இன்னொரு சின்னத் திருத்தம். அறைக்குள் மதி என்ன பார்த்தாள் என்பதைப் பதினான்காவது அத்தியாயத்திலிருந்து இருபத்தேழு வரை நான் சொல்லாமல் இழுத்திருந்தேன். இரண்டு பேர் கோடு போட்டது அதற்காகத்தான். 1794இல் ஆன் ராட்க்ளிஃப் எழுதிய 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ' நாவலில் நாயகி ஒரு கருப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். அவள் பார்த்தது வெறும் மெழுகு உருவம் என்பது நமக்குத் தெரியவருவது கடைசியில்தான். நாயகிக்குத் தெரிந்ததை வாசகருக்கு மட்டும் மறைத்தால், பயம் போய் எழுத்தாளர் மேல் கோபம்தான் மிஞ்சுகிறது. அதனால் பதினைந்தாவது அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டேன். அறைக்குள் இருந்தது கட்டிலில் மடித்து வைத்த ஒரு பெண்ணின் உடைகள், தூசியே படியாமல்.

நாள் 58

பழைய ஏழு பேருக்கும் முடிவு தெரியும், அவர்களை வைத்துப் பயத்தைச் சோதிக்க முடியாது. ஆசிரியர்தான் புதிதாக ஆறு பேரைப் பிடித்துத் தந்தார். முதல் பதினைந்து அத்தியாயங்கள் மட்டும், மூவருக்கு 'அ', மூவருக்கு 'ஆ'.

'ஆ' படித்த மூவரும் அடுத்த அத்தியாயத்தைக் கேட்டு மெசேஜ் அனுப்பினார்கள். ஒருவர், "போகாதடீன்னு சத்தமாவே சொல்லிட்டேன்" என்றார். 'அ' படித்தவர்களில் இருவர் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் ஒருவர் நள்ளிரவில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்: "எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு. பிடிக்கிறது சரியான்னு தெரியலை. தயவுசெஞ்சு இதை மட்டும் சொல்லுங்க, சரியா, இல்லையா?" இன்னொருவருக்குக் காதல் ஒட்டவே இல்லை, அவன் கல் மாதிரி இருக்கிறானாம். மூன்றாமவர் பாதியில் விட்டுவிட்டார்.

எண்ணிக்கையைப் பார்த்தால் 'ஆ'தான் ஜெயித்தது. எனக்குள் இருந்து போகமாட்டேன் என்றது அந்த வாய்ஸ் மெசேஜ். நான் இந்த நாவலை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

நாள் 61

'அ'வே என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு விட்டுக்கொடுத்தல்: இருபதாவது அத்தியாயத்தில் மதி அவனிடம் நேருக்கு நேராக, "நீங்கதானா?" என்று கேட்கிறாள். அதற்குப் பிறகு ஆதவனுக்கு இரண்டு அத்தியாயங்கள் தருகிறேன். கேட்டவளுக்குப் பதில் கிடைக்க வேண்டும், அதுவரை காத்திருந்த வாசகருக்கும். கல் மாதிரி இருக்கிறான் என்றவரை நினைத்துப் பத்தாவது அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு சிரிப்பும் வைத்திருக்கிறேன். பட்டியலில் ஒரே புத்தகத்தை மதி இரண்டு முறை எழுதியிருப்பதைக் கண்டுபிடித்துச் சிரிக்கிறான்.

சித்திக்குச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. "எட்டாவது அத்தியாயத்தையா எடுத்துட்ட?" என்றார். அதை மட்டும் தனியாகப் பிரிண்ட் எடுத்து அவருக்குக் கொடுத்தேன். அது அவருடையது.

நாள் 74

இருபத்திரண்டு அத்தியாயங்கள் திருத்தியாகிவிட்டது, இன்னும் சில பாக்கி. நேற்று மறுபடியும் 138ஆம் பக்கத்துக்குப் போனேன். முன்னால் இருந்த பக்கங்கள் குறைந்ததால் இப்போது அது 121. எவ்வளவோ மாற்றியும் அந்த இரண்டு வாக்கியங்களில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. ஆசிரியர் வட்டமிட்ட 'தன்' அங்கேயே இருக்கிறது. அதற்குக் கீழே மட்டும் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்:

"மதி அவன் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு படியிறங்கினாள், அவன் கையைப் பிடித்தபடி."