ஒன்பது சனிக்கிழமைகள்: நொவேனா ஆலயத்துக்கு நெருக்கடியோடு போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் நொவேனா எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு பக்கம் டான் டோக் செங் மருத்துவமனை. தாம்சன் சாலை வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் புனித அல்போன்சஸ் ஆலயம். இரட்சகர் சபைக் குருக்கள் பராமரிக்கும் இந்த ஆலயம் 1950-இல் திறக்கப்பட்டது. இங்கே சனிதோறும் நடக்கும் சகாய மாதா நவநாள் (ஒன்பது முறை தொடர்ந்து செய்யும் ஜெபம், ஆங்கிலத்தில் நொவேனா) தான் வட்டாரத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் பெயர் கொடுத்தது. சனிக்கிழமைகளில் வார்டில் நோயாளியை விட்டுவிட்டு நேரே நடந்து வருகிறவர்களை அந்தச் சாலையில் பார்க்கலாம். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்துக்களும் பௌத்தர்களும் வருகிறார்கள். யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

வேலை போனது, புற்றுநோய் என்று அறிக்கை வந்தது, பிள்ளை பேசுவதை நிறுத்திவிட்டான், கணவன் மனைவி பிரிவு என எந்தச் சுமையோடும் இங்கே வரலாம். ஆனால் என்ன எதிர்பார்த்து வருகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒன்பது வாரம் முடிந்தால் காரியம் கைகூடும் என்ற கணக்கோடு வருகிறவர்கள்தான் நாலாவது, ஐந்தாவது வாரத்தில் நொறுங்கிப் போகிறார்கள். அந்தக் கணக்கு சரியா என்று ஆலயத்தில் இருக்கும் சகாய மாதா படத்தையே கேட்கலாம்.

வழிபாடு தொடங்க அரை மணி நேரம் முன்னதாகப் போய் அந்தப் படத்தைக் கிட்டே நின்று பாருங்கள். மூலப்படம் ரோமில் இருக்கிறது. திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் 1866-இல் இரட்சகர் சபையிடம் ஒப்படைத்தது. குழந்தை இயேசு தாயின் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பி வேறெங்கோ பார்க்கிறார். அந்தப் பக்கம் கபிரியேல் தூதர் சிலுவையையும் ஆணிகளையும் ஏந்தி நிற்கிறார். எதிர்ப்பக்கம் மிக்கேல், ஈட்டியும் கடற்பஞ்சும். பயந்து ஓடி வந்ததில் பிள்ளையின் ஒரு காலில் செருப்பு வார் அவிழ்ந்து தொங்குகிறது. இரண்டு கைகளாலும் தாயின் ஒரு கையைப் பற்றியிருக்கிறார். தாயின் கண்களோ நம்மைப் பார்க்கின்றன. சிலுவையை யாரும் அகற்றவில்லை, தாயும் தூதரைத் துரத்தவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கிறது, அவ்வளவுதான். நெருக்கடியில் இருக்கிறவர் அந்தச் செருப்பையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், ஜெபம் தானே வரும்.

வழிபாடு ஆங்கிலத்தில். பாடல், நவநாள் ஜெபம், மாதாவுக்கு மக்கள் எழுதிய கடிதங்களில் சில, நோயாளருக்கான மன்றாட்டு என்று போகும். சனிக்கிழமை பல முறை நடக்கும், சிலவற்றோடு திருப்பலியும் உண்டு. பண்டிகை வாரங்களில் நேரம் மாறுவதால் கிளம்புமுன் ஆலய இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். ஆங்கிலம் பழகாத பாட்டி, தாத்தாவை அழைத்துப் போகிறீர்களா? தமிழ் நவநாள் ஜெபத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கையில் கொடுங்கள். கூட்டம் சொல்லும்போது அவர்கள் தமிழில் சொல்லிக்கொள்ளட்டும். ஜெபமாலையும் கையில் இருந்தால் மறையுரை நேரத்தில் தவிக்க மாட்டார்கள்.

இனி கடிதம். இந்தத் திருப்பயணத்தில் ஆட்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். நாலு பக்கம் எழுதுகிறார்கள், மாமியார் மீது குற்றப்பத்திரிகை வைக்கிறார்கள், முழுப் பெயரும் வார்டு எண்ணும் போடுகிறார்கள். சபையில் வாசிக்கப்படக்கூடிய கடிதம் என்பதை மறக்க வேண்டாம். பெயர், நிறுவனம், மருத்துவமனை எதுவும் வேண்டாம். அரைப் பக்கம் போதும். நடந்தது ஒரு வரி, மனசில் இருப்பது ஒரு வரி, கேட்பது ஒரு வரி. இப்படி: "அன்புத் தாயே, என் கணவருக்கு அடுத்த வாரம் இருதய அறுவை சிகிச்சை. எனக்குப் பயமாக இருக்கிறது. மருத்துவர்களின் கைகளை வழிநடத்த உம் மகனிடம் கேளும். முடிவு எதுவானாலும் பிள்ளைகளுக்குத் தாங்கும் மனசு வேண்டும்." கடைசி வரியை விடாதீர்கள். அதை எழுதத்தான் கை தயங்கும். எழுதியபின் பயம் கொஞ்சம் அடங்குவதும் அதனால்தான்.

கோபமாக எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. விவிலியத்தில் திருப்பாடல் (சங்கீதம்) 13 "இன்னும் எத்தனை நாள்" என்று கடவுளை நான்கு முறை கேட்கிறது. திருப்பாடல் 88 ஆறுதல் சொல்லாமலேயே, இருளில் முடிகிறது. இரண்டும் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. மரியன்னை பக்தி இல்லாத சபையினரும் இந்த இரண்டையும் சனிக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் சொல்லி ஒன்பது வாரம் நடக்கலாம். ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமோ டோர்செட் சாலை கிறிஸ்து ஆலயமோ உங்கள் சபை என்றால் அங்கே போதகரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தனியாகச் சுமக்கக் கூடாது.

ஒன்பது என்ற எண்ணுக்கு வேர் உண்டு. இயேசு விண்ணேறிய பின் பெந்தகோஸ்தே வரை சீடர்கள் மரியாவோடு காத்திருந்த நாட்கள் அவை. என்ன நடக்கும் என்று தெரியாமல் காத்திருந்தார்கள், ஆனால் கூடி இருந்தார்கள். ஆகவே இடையில் ஒரு சனி தவறினால் எல்லாம் வீணாகிவிடாது, அடுத்த சனி தொடருங்கள். ஜெபத்தை ஒன்பது பிரதி எடுத்துப் பெஞ்சில் வைக்கச் சொல்லும் துண்டுத்தாள், இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று மிரட்டும் வாட்ஸ்அப் செய்தி, இரண்டுக்கும் திருச்சபைக்கும் சம்பந்தமில்லை. கிழித்துப் போடுங்கள், அழித்துவிடுங்கள்.

வேலை அனுமதி ரத்தானவர்களுக்குத் தனியாக ஒன்று. வெளிநாட்டு ஊழியர்களுக்கான எம்பிளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் ரத்தானால் நாட்டில் தங்க வழக்கமாகக் கிடைப்பது 30 நாள். ஒன்பது சனியோ எட்டு வாரத்தை விழுங்கும். நீங்கள் ஒன்பது நாள் தொடர்ந்து வீட்டில் செய்து, இடையில் வரும் சனிக்கு மட்டும் ஆலயம் போங்கள். காலையில் விண்ணப்பங்கள், மாலையில் ஜெபம். நாள் முழுக்க ஜெபித்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு விண்ணப்பம் அனுப்பத் தொடங்கினால் இரண்டும் அரைகுறையாகும்.

தமிழில் அழ வேண்டும், தமிழில் ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) செய்ய வேண்டும் என்றால் ஓபிர் சாலைக்குப் போங்கள். சீனக் கத்தோலிக்கரோடு ஒரே ஆலயத்தைப் பகிர்ந்துவந்த தமிழருக்கென்று 1888-இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் அது. ரோச்சோர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். தமிழ்த் திருப்பலி நேரத்தைக் கேட்டுக்கொண்டு, முன்னதாகப் போய் கெபி (மாதா குகை) முன் உட்காருங்கள். நவநாளைத் தொடங்குமுன் இங்கே ஒப்புரவு அருட்சாதனம் பெறுவது நல்லது. நெருக்கடியில் குற்ற உணர்வும் பயமும் பின்னிக்கொண்டு நிற்கும். எது பாவம், எது வெறும் தற்பழி என்று பிரித்துச் சொல்ல ஒரு குரு வேண்டும்.

நோயில் பூசுதலை, அதாவது நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசி ஜெபிப்பதை, கடைசி மூச்சுக்கு என்று வைத்துக்கொண்டு தள்ளிப்போடுவது நம் குடும்பங்களில் இன்னும் போகவில்லை. ஃபாதரைக் கூப்பிட்டால் அப்பா பயந்துவிடுவார் என்பார்கள். அது கடுமையான நோய்க்கும் பெரிய அறுவை சிகிச்சைக்கும் முன்பே பெற வேண்டிய அருட்சாதனம், நோய் முற்றினால் திரும்பவும் பெறலாம். நினைவு தப்பிய பிறகு கூப்பிட்டால் அவரால் ஒப்புரவு செய்ய முடியாது, நற்கருணை வாங்கவும் முடியாது. அறுவைக்கு நாள் குறித்த அன்றே பங்கு அலுவலகத்தை அழையுங்கள். வார்டில் சேர்த்தாகிவிட்டது என்றால், கத்தோலிக்கக் குரு வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள். நோயாளியின் பெயர், படுக்கை எண், பேசும் மொழி, மயக்க மருந்து கொடுக்கும் நேரம் இந்த நான்கையும் தயாராக வையுங்கள்.

ஜெபம் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு இது உண்மையிலேயே வேதனை. சீராக் ஞானம் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மருந்தை ஆண்டவர் மண்ணிலிருந்து படைத்தார் என்கிறது, நோயில் ஜெபிக்கவும் சொல்கிறது. ஒரே அதிகாரத்தில் மூன்றும். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767-ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

பணமுடைக்கு முதலில் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். கட்டணச் சீட்டை அலமாரியில் ஒளித்து வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவதால் கட்டணம் குறையாது. பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் இருப்பார்கள், வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். சிங்கப்பூரர்கள் அரசின் காம்கேர் நிதி உதவிக்குச் சமூக சேவை அலுவலகத்தை அணுகலாம். நேர்த்திக்கடனைக் கடன் வாங்கிச் செய்யாதீர்கள். குணமானால் வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு போகிறேன் என்று வேண்டிவிட்டு, இப்போது டிக்கெட்டுக்கு வழியில்லாமல் தவிக்கிறவர்கள் பங்குக் குருவிடம் சொல்லலாம். வேறொரு பக்திச் செயலாக மாற்றித் தர அவரால் முடியும்.

ஒன்பதாவது சனி, கேட்டது கிடைத்திருந்தால் நன்றிக் கடிதம் எழுதுங்கள். முதல் கடிதத்தைப் போலவே அரைப் பக்கம், பெயரில்லாமல். கிடைக்கவில்லையா, அப்போதும் எழுதுங்கள்: இந்த வாரங்களில் யார் சோறு கொண்டுவந்தார், யார் வார்டில் இரவு கண்விழித்தார் என்று. யாருக்காகக் கேட்டீர்களோ அவரே இறந்துபோனால், அவர் ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி பங்கு அலுவலகத்தில் திருப்பலிக் கருத்துக் கொடுங்கள். பெயரை ஆங்கில எழுத்திலும் தெளிவாக எழுதிக் கொடுங்கள், பீடத்தில் வாசிக்கிறவர் தமிழ் தெரிந்தவராக இல்லாமல் போகலாம். இறந்த முப்பதாம் நாளுக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், சனி ஞாயிறுகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.