குளுவாங்கில் நாய்க்கழிவு அள்ளும் தொழில்: எந்தத் தாமான் வரை போகலாம்?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் மாதிரித் தோட்டப்புற ஊருக்குப் புதிதாகக் குடிவந்து இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள், கைப்பேசி வரைபடத்தில் வீட்டை நடுவில் வைத்துப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுவிடுகிறார்கள். அந்த வட்டத்துக்குள் எவ்வளவு செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது என்று பாருங்கள். பனைமரம் நாய் வளர்ப்பதில்லை. மிச்ச இடத்தையும் ரயில் தண்டவாளமும் மெங்கிபோல் ஆறும் துண்டு போடுகின்றன. எதிரே தெரிகிற தாமானுக்குப் (குடியிருப்புப் பகுதிக்கு) பாலம் தேடிச் சுற்றிக்கொண்டு போக வேண்டிவரும். அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போடுங்கள்.

காலை ஏழிலிருந்து பதினொன்று வரை 240 நிமிஷம். மதியத்துக்கு மேல் இடிமழையை நம்ப முடியாது. வரிசை வீட்டு வாசலும் பின்கட்டும் சுத்தம் செய்ய 10 நிமிஷம், அடுத்த வீட்டுக்குப் போக 5 நிமிஷம் என்றால் 16 வீடு முடியும். போகிற நேரம் 15 நிமிஷம் ஆனால் 9 வீடுதான். ஒரு தடவைக்கு 12 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் முன்னதில் 192, பின்னதில் 108. உழைப்பு ஒன்றுதான், மீதியை ரோடு தின்றுவிடுகிறது. மானிய விலை ரோன் 95 பெட்ரோல் குடிமக்களுக்கு மட்டும்தான். மைகார்டு என்னும் குடிமக்கள் அடையாள அட்டை இல்லாத புதியவருக்கு அலைச்சல் இன்னும் கூடுதலாகக் கடிக்கும்.

எந்தத் தாமானில் ஆள் கிடைப்பார்கள் என்பதை நடந்துதான் பார்க்க வேண்டும். கேட்டில் ‘அவாஸ் அஞ்சிங்’ (நாய் ஜாக்கிரதை) பலகை, கம்பியோரம் தண்ணீர்ச் சட்டி, புல்லில் மஞ்சளாய்க் கருகிய வட்டங்கள்: தெருவுக்கு ஆறேழு வீட்டில் இவை தெரிந்தால் அந்தத் தெரு உங்களுடையது. சீனர்கள் வாழும் புதுக்கிராமங்களில் காணி அகலம், நாயும் இரண்டு மூன்று இருக்கும். அங்கே ஒரு வீட்டை ஒன்றரை வீடாக எண்ணுங்கள்.

அடுத்தது குப்பை லோரி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். நடுத்தர நாய் ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 300 கிராம் போடும், வாரத்துக்கு இரண்டு கிலோ. பதினாறு வீட்டுக்கு 32 கிலோ. அதை மோட்டார் சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு வெயிலில் சுற்ற முடியாது. இரட்டைப் பையில் இறுக்கி முடிந்து, அந்தந்த வீட்டுத் தொட்டியிலேயே போட வேண்டும். ஜொகூரில் வீட்டுக்குப்பை வாரம் இருமுறை எடுக்கப்படுகிறது, மூன்றாவது முறை வருவது மறுசுழற்சிப் பொருளுக்கும் பெரிய சாமானுக்கும். ஒவ்வொரு தாமானின் லோரி நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய நாளை உங்கள் நாளாக வையுங்கள். லோரி போன மறுநாள் அள்ளினால் பை இரண்டு மூன்று நாள் தொட்டியில் கிடந்து நாறும், வீட்டுக்காரர் அடுத்த மாதம் வேண்டாம் என்பார். ஆக, பகுதிகளைப் பிரித்துக் கொடுப்பது லோரி அட்டவணைதான்.

வாரம் ஒரு தடவைக்குக் குறைத்து ஒப்புக்கொள்ளாதீர்கள். உருளைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும், வாராந்திர வேலை அதை முந்திவிடும். கொக்கிப்புழு அப்படியில்லை. ஈரமான சூட்டு மண்ணில் ஒரு வாரத்துக்குள்ளேயே வெறுங்காலில் ஏறத் தயாராகிவிடும். குழந்தைகள் விளையாடும் வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை கேளுங்கள். நவம்பரிலிருந்து மழைக்காலத்தில் கழிவு புல்லோடு கரைந்து ஒட்டிக்கொள்ளும், பத்து நிமிஷ வேலை இருபது ஆகும். அந்த மாதங்களில் ஒரு காலைக்குப் ஒன்பது வீட்டுக்கு மேல் போடாதீர்கள்.

ஒரு வீட்டுக் கிருமி அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் பூட்ஸ் அடியிலேயே பயணம் செய்யும். கழிவு அள்ளும் வாரியையும் பூட்ஸையும் முதலில் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி குளோராக்ஸ் (ப்ளீச்) கலந்து பத்து நிமிஷம் ஈரமாக வையுங்கள். அழுக்கோடு ஊற்றினால் மருந்து செத்துவிடும். நாய்மூத்திரம் தேங்கிய சிமெண்டில் அதை ஊற்றவே கூடாது, அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும். இதற்காகவே இரண்டு செட் கருவி வைத்திருங்கள், ஒன்று ஊறும்போது மற்றது வேலை செய்யும்.

ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று: பக்கத்து வீடு மலாய்க்காரர் வீடாக இருக்கலாம். நாயின் ஈரமோ கழிவோ பட்ட இடத்தை இஸ்லாமிய முறைப்படி அவர்கள் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரைப் பொதுச் சாக்கடையில் தள்ளாதீர்கள், பையை அவர்கள் வாசல் வழியாக இழுக்காதீர்கள், மோட்டாரை அந்தக் கேட்டுக்கு முன் நிறுத்தாதீர்கள். ஒரு புகார் போதும், தெருவே போய்விடும்.

செம்பனைத் தோட்டத்துக்குள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) நாய்கள் அவிழ்ந்தே திரியும், அங்கே காசு கொடுத்து அள்ளச் சொல்பவர் அபூர்வம். துரை (தோட்ட நிர்வாகி) பங்களா வேறு கணக்கு: புல்வெளி பெரிது, நாலு வீட்டு நேரம் பிடிக்கும். காவல் சாவடியில் பெயர் கொடுத்து, ஆபீஸ் அனுமதி வாங்கி, மழை விட்ட மறுநாள் செம்மண் பாதையில் சறுக்கிப் போக வேண்டும். நாலு வீட்டு விலை கொடுத்தால் போங்கள்.

எஸ்எஸ்எம் என்னும் மலேசிய நிறுவன ஆணையத்தில் தனிநபர் வணிகமாகப் பதிய குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், விசாவில் இருப்பவர் இதை முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து யாராவது கூப்பிட்டால், சுமார் இருபது கிலோமீட்டர். அதே காலையில் அங்கே ஆறு வீடாவது சேரும்வரை, “லிஸ்ட்ல எழுதி வைக்கிறேன் ஆன்ட்டி, ஆள் சேர்ந்ததும் வர்றேன்” என்று சொல்லிவிடுங்கள்.