0.85-ஆல பெருக்கணும்: ஒரு க்விஸ் டைரி

ஆகஸ்ட் 4, திங்கள்

பார்மசி க்விஸ் போட்டிக்கு செலக்ஷன் லிஸ்ட் ஒட்டிட்டாங்க, என் பேரு இருக்கு!! காலேஜுக்கு ஒரே ஒரு டீம்தான், டீமுக்கு மூணே பேருதான், அதனால போன வாரம் உள்ளுக்குள்ளயே ஒரு எழுத்துத் தேர்வு வச்சு வடிகட்டினாங்க. நான், என் க்ளாஸ்ல நாங்க மெமரி கார்டுன்னு கூப்பிடுற பையன் (மாத்திரை அட்டையை ஒருதரம் பார்த்தா போதும், ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்), அப்புறம் ஒரு ஜூனியர் பொண்ணு. அவ பேசி இதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல. மூணு பேர்ல நான்தான் மூத்தவ, அதனால கேப்டன். வேற தகுதி எதுவும் தேடாதீங்க.

அமெரிக்காவுல ஏசிசிபின்னு ஒரு கிளினிக்கல் பார்மசி சங்கம் இருக்கு, அவங்க நடத்துற கிளினிக்கல் பார்மசி சேலஞ்ச் மாதிரிதான் எங்களோடதும். மூணு பேர் டீம், முதல் ரவுண்டுகள் எல்லாம் ஆன்லைன், கடைசில மிஞ்சுற டீம்கள் மட்டும் நேருக்கு நேர். ஒவ்வொரு ரவுண்டும் மூணு பாகம்: முதல்ல மின்னல் வேகத்துல சரியா தப்பா, அடுத்து ஒரு நோயாளியோட கேஸ், கடைசியா ஜெபர்டிங்கிற அமெரிக்க டிவி க்விஸ் ஷோ ஸ்டைல்ல ஒரு போர்டு.

ஆகஸ்ட் 9, சனி

இன்னிக்கு மின்னல் ரவுண்டு ப்ராக்டிஸ். சரி, தப்பு, ரெண்டுல ஒண்ணு, அதுல என்ன கஷ்டம்னு நினைச்சேன், வாயை மூடிக்கிட்டேன் அஞ்சாவது கேள்வியில. "வார்ஃபரின் சாப்பிடுறவங்களுக்கு மெட்ரோனிடசோல் குடுத்தா ஐஎன்ஆர் ஏறும்", சரி (வார்ஃபரின் ரத்தம் உறையாம தடுக்குற மாத்திரை, மெட்ரோனிடசோல் ஒரு ஆன்டிபயாடிக், ஐஎன்ஆர்ங்கிறது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற அளவு). "ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின்", சரி (ஹெப்பாரினும் ரத்தம் உறையாம தடுக்குறதுதான், ஆனா ஊசி). "முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் தினமும் ஒண்ணு", நான் அதே வேகத்துல சரின்னு தட்டிட்டேன். வாரத்துக்கு ஒருதரம் குடுக்குற மருந்து அது, தினமும் குடுத்தா ஆளையே சாய்ச்சிரும், எனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா 'முடக்குவாதம், மெத்தோட்ரெக்ஸேட்' வரைக்கும் படிச்ச உடனே கை முந்திருச்சு.

தப்பா சொன்னா மைனஸ் கிடையாதாம். அப்ப தெரியலைன்னாலும் எதையாவது தட்டிட்டு ஓடுறதுதான் புத்திசாலித்தனம், யோசிச்சுக்கிட்டு நின்னா பின்னாடி இருக்குற ஈஸி கேள்விங்க போயிரும்.

ஆகஸ்ட் 16, சனி

போர்டு ரவுண்டு. தலைப்புகள் வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் கீழ கம்மி மார்க்கு கேள்வியில இருந்து பெரிய மார்க்கு வரைக்கும். இதய மருந்துகள் மெமரி கார்டுக்கு, தொற்று நோய்கள் எனக்கு. 'மருந்துகளின் வரலாறு'ன்னு ஒரு தலைப்பு அநாதையா கிடந்துச்சு, ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கிட்டோம். அப்பதான் ஜூனியர் மெதுவா, "அக்கா, அதை நான் எடுத்துக்கவா?"ன்னா.

அதுக்கப்புறம் அரை மணி நேரம் அவதான் பேசுனா, நாங்க வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு இருந்தோம். வார்ஃபரின் கதை இருக்கே, அதை க்ளாஸ்ல யாருமே எங்களுக்கு இப்படிச் சொல்லல. வட அமெரிக்காவுல 1920கள்ல மாடுங்க திடீர் திடீர்னு ரத்தம் நிக்காம செத்திருக்கு, பார்த்தா பூஞ்சை பிடிச்ச ஸ்வீட் க்ளோவர் தீவனம்தான் காரணம். விஸ்கான்சின்ல கார்ல் லிங்க்னு ஒருத்தரோட லேப்ல அதுல என்ன இருக்குன்னு பிரிச்சு எடுத்தாங்க, அதோட வழியில வந்ததுதான் வார்ஃபரின். முதல்ல அது எலி மருந்து! 1954ல தான் மனுஷங்களுக்கு அனுமதி. பேருல இருக்குற 'வார்ஃப்' அந்த ஆராய்ச்சிக்குக் காசு குடுத்த விஸ்கான்சின் அறக்கட்டளையோட முதலெழுத்துங்க. அப்புறம் பிரஷர் மருந்து கேப்டோப்ரிலுக்கு பிரேசில் நாட்டு விரியன் விஷத்துல இருந்து கிடைச்ச துப்பு, 1785ல வில்லியம் விதரிங் ஃபாக்ஸ்க்ளவ் செடியைப் பத்தி எழுதுன புத்தகம், அதுல இருந்து இதய மருந்து டிஜாக்ஸின் வரைக்கும்... இத்தனை நாளா இந்தப் பொண்ணு எங்க இருந்தா?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கேஸ் ரவுண்டுதான் நிஜமான பரீட்சை. ஒரு பக்கத்துக்கு நோயாளியோட கதை வரும், வயசு, எடை, லேப் ரிசல்ட், ஏற்கனவே சாப்பிடுற மருந்து எல்லாம், அதுக்குக் கீழ கேள்விங்க. வேலையைப் பிரிச்சுக்கிட்டோம். மெமரி கார்டு மருந்து லிஸ்ட்டைப் பார்த்து எது எதோட சேரக்கூடாதுன்னு பிடிப்பான் (கிளாரித்ரோமைசினும் சிம்வாஸ்டாட்டினும் ஒரே சீட்டுல இருந்தா பயபுள்ள சீட்டை விட்டு எந்திரிச்சிருவான்), ஜூனியர் கணக்கு, நான் கேள்வியைப் படிச்சு முடிவு எடுக்கணும். கேப்டன் சொல்றது மட்டும்தான் டீமோட பதில், அதான் ரூல்.

ஒரு விஷயம் புரிஞ்சுது. தேவையில்லாத தகவலை வேணும்னே நிறைய கொட்டி வைப்பாங்க. பத்து லேப் ரிசல்ட் இருந்தா அதுல ரெண்டு தான் கேள்விக்கு வேணும்.

செப்டம்பர் 3, புதன்

முதல் ரவுண்டு ஜெயிச்சாச்சு!!! ரூம்ல எங்க மூணு பேரையும் கண்காணிக்க ஒரு மேடம், போன் வெளியில, புக் வெளியில, வெத்துப் பேப்பரும் பேனாவும் மட்டும். ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷம் ஸ்க்ரீன் உறைஞ்சு போச்சு, எனக்கு உயிரே இல்ல. திரும்ப வந்துச்சு. போர்டுல வரலாறு தலைப்பு வந்தது, பெரிய மார்க்கு கேள்வியே வார்ஃபரின் பேரு எப்படி வந்துச்சுன்னுதான்!! ஜூனியர் சிரிக்கக்கூட இல்ல, பேப்பர்ல எழுதி என் பக்கம் தள்ளுனா, அவ்ளோதான்.

செப்டம்பர் 10, புதன்

தோத்துட்டோம்.

இப்ப எழுத மனசில்ல.

செப்டம்பர் 11, வியாழன்

சரி எழுதிடுறேன், இல்லைன்னா தூக்கம் வராது.

மின்னல் ரவுண்டுல நாங்க முன்னாடி. கேஸ்: 80 வயசுப் பாட்டி, எடை 60 கிலோ, நுரையீரல்ல ரத்தக்கட்டி, கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) 1.5. ரத்தம் உறையாம தடுக்குற ஊசி எனாக்ஸபாரின் எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருதரம்? கிலோவுக்கு 1 மில்லிகிராம், அப்ப 60 மில்லிகிராம், அதுல குழப்பம் இல்ல. கிட்னி நல்லா இருந்தா 12 மணி நேரத்துக்கு ஒருதரம், கிரியாட்டினின் க்ளியரன்ஸ், அதாவது கிட்னி அதை வெளியேத்துற வேகம், 30க்குக் கீழ போனா ஒரு நாளைக்கு ஒருதரம் தான். நேரம் ஓடிக்கிட்டு இருந்துச்சா, அந்த க்ளியரன்ஸை நானே மனக்கணக்கா போட்டேன், ஜூனியரோட வேலைன்னு நாங்களே பிரிச்சு வச்சது தெரிஞ்சும். 140ல இருந்து வயசைக் கழிச்சா 60, அதை எடையால பெருக்கினா 3600, கீழ 72ஐ 1.5ஆல பெருக்கினா 108, வகுத்தா 33 சொச்சம். 30க்கு மேலதானே, 12 மணி நேரம்னு க்ளிக்.

பாட்டி. பொம்பளைக்கு வர்ற விடையை 0.85ஆல பெருக்கணும். 28. 30க்குக் கீழ.

இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்!

க்ளிக் பண்ணிட்டு குனிஞ்சு பார்த்தா என் முழங்கைக்குக் கீழ ஜூனியரோட பேப்பர் கிடக்கு, அதுல 28.3ன்னு எழுதி ரெண்டு தரம் வட்டம் போட்டு வச்சிருக்கா. அந்த ஒரு கேள்விதான் வித்தியாசம்னு சொல்ல முடியாது, போர்டுலயும் மெமரி கார்டு ஒண்ணு கோட்டை விட்டான், ஆனா அந்த மார்க்கு வந்திருந்தா நாங்க மேல இருந்திருப்போம்.

வெளிய வந்தப்புறம் "ஏன்டி வாயைத் திறந்து சொல்லல"ன்னு கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "நீங்க கணக்கு போட்டுக்கிட்டு இருந்தீங்கக்கா, குறுக்க பேசுனா குழம்பிருவீங்கன்னு நினைச்சேன்"னு சொன்னா. மெமரி கார்டு ஒண்ணும் பேசாம தண்ணி பாட்டிலை மூடி மூடித் திறந்துக்கிட்டு இருந்தான்.

செப்டம்பர் 20, சனி

எங்களை ட்ரெயின் பண்ண சார் கூப்பிட்டு, அடுத்த வருஷ டீமுக்கு ப்ராக்டிஸ் கேள்விங்க எழுதித் தர முடியுமான்னு கேட்டாரு. ஜூனியர்தான் அடுத்த கேப்டன், நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னோம், அவ வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டிக்கிட்டே ஒரு ரூலும் போட்டுட்டா: க்ளிக் பண்றதுக்கு முன்னாடி மூணு பேரும் வாய்விட்டு ஓகே சொல்லணும், ஒருத்தர் சொல்லலைன்னாலும் கை மவுஸ் மேல போகக்கூடாது.

ராத்திரி உக்காந்து முதல் கேஸ் எழுதிட்டேன். வயசு 80, எடை 60 கிலோ, கிரியாட்டினின் 1.5, நுரையீரல்ல ரத்தக்கட்டி. இந்தத் தடவை தாத்தா.