நார்மண்டி போனா மெர்வில்லை விட்டுடாதீங்க

மெர்வில்னா பிரான்ஸ்ல நார்மண்டி கடற்கரைப் பக்கம் இருக்கற ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் பீரங்கித்தளம். முதல்ல அங்க போன டாக்ஸி கதையைச் சொல்லிடறேன், இன்னும் வயிறு எரியுது. ஞாயித்துக்கிழமை, பஸ் ரொம்பக் கம்மி, வேற வழியில்லாம பக்கத்து நகரமான கான் (Caen) ஸ்டேஷன்ல டாக்ஸி ஏறினா சுமார் 20 கிலோமீட்டருக்கு 70 யூரோ வாங்கிட்டார் மனுஷன். அந்தக் காசுல ரெண்டு நாள் சாப்பாட்டை முடிச்சிருப்பேன். வார நாள்ல போங்க, பஸ் கிடைக்கும்.

நான் போனதே பிரிட்டிஷ் ராணுவத்தோட 223-வது பிரிகேடுக்காகத்தான், பல பட்டாலியன் சேர்ந்த படைப்பிரிவு அது. 1940-ல பிரான்ஸோட டன்கர்க் கடற்கரைல பீரங்கி, வண்டியெல்லாம் அப்படியே போட்டுட்டு பிரிட்டிஷ் படை ஊர் திரும்பினதும், ஜெர்மன்காரன் எப்ப கடல் தாண்டுவானோன்னு அங்க ஒரே பயம், அவசரமா ஆள் சேர்த்து புதுப்புது பட்டாலியனா கட்டினாங்க, அந்த அக்டோபர்ல உள்நாட்டுக் காவலுக்குன்னே பல பிரிகேடு உருவாச்சு, அதுல ஒண்ணு இது. முள்கம்பி, கடற்கரை, ராத்திரிக் காவல், இதான் இவங்க வேலை. எதிரி வரவேயில்ல. ரெண்டே வருஷம்தான், 1942 நவம்பர்ல இதையே 3-வது பாராசூட் பிரிகேடா மாத்திட்டாங்க. அதோட 9-வது பட்டாலியன், 1940-ல சேர்த்த 10-வது எஸ்ஸெக்ஸ் பட்டாலியன்ல இருந்து வந்தது. விமானத்துல இருந்து பாராசூட்ல குதிக்கறேன்னு சொன்னவங்க அதுலயே இருந்தாங்க, மத்தவங்க வேற யூனிட்டுக்குப் போயிட்டாங்க.

1944 ஜூன் 6, நேச நாட்டுப் படைகள் நார்மண்டில இறங்கின நாள், விடியறதுக்கு முன்னாடி மெர்வில் பீரங்கித்தளத்தைப் பிடிச்சது அந்த 9-வதுதான். குதிச்சது 600 பேருக்கு மேல, காத்துல திசைக்கு ஒருத்தரா சிதறி, பட்டாலியன் தலைவர் கர்னல் ஆட்வே கிட்ட வந்து சேர்ந்தது சுமார் 150 பேர், மெஷின் கன் ஒண்ணே ஒண்ணு. அதை வச்சே உள்ள பூந்துட்டாங்க! முடிஞ்சப்போ காயமில்லாம நின்னது அதுல பாதிதான். பெரிய 150 மில்லிமீட்டர் பீரங்கி இருக்கும்னு நினைச்சு வந்தவங்களுக்கு உள்ள கிடைச்சது பழைய 100 மில்லிமீட்டர் செக் பீரங்கி.

அந்த கான்க்ரீட் கூண்டுக்குள்ள நீங்களே போகலாம். சுவர்ல கையை வச்சுப் பாருங்க, வார்த்த பலகையோட அச்சு விரல்ல தட்டும், அவ்வளவு கனமான சுவர். வெளிய ஒரு டகோட்டா விமானம் நிக்குது, பாராசூட் வீரர்களை ஏத்திட்டுப் போன ரகம், முதுகுல மூட்டையோட அந்தக் கதவு வழியா இருட்டுல எப்படித்தான் குதிச்சாங்களோ, எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. என்னைக் கேட்டா, அதே நாள்ல அமெரிக்கப் படை இறங்கின ஒமஹா பீச்சை விட இதைத்தான் முதல்ல பாக்கணும்.

மதியம் பீச் பக்கம் மஸ்ஸலும் (கடல் சிப்பி) ஃப்ரைஸும், ஒரு சட்டி நிறைய, வெண்ணெய்யும் வெங்காயமுமா குழம்பு, ரொட்டியைத் தோச்சுத் தோச்சு சட்டியைக் காலி பண்ணிட்டேன். டாக்ஸிக்கு அழுத காசுக்கு இது எவ்வளவோ தேவலை.

டைம் இருந்தா பக்கத்துலயே ரான்வில் கல்லறைக்கும் போயிட்டு வாங்க, டிக்கெட் கிடையாது, 2,000-க்கு மேல காமன்வெல்த் வீரர்கள் அங்கதான் இருக்காங்க, அந்தப் பாராசூட் பசங்களும் நிறைய பேர்.