இரும்பை ஒதுக்காமல் தேடுதல்: சென்னைக் கடற்கரையும் என் மெட்டல் டிடெக்டரும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் சற்று அடங்கியதும், விடுமுறை நாள்களில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவிடத்தருகே தொடங்கித் திருவான்மியூர் வரை மெட்டல் டிடெக்டருடன் நடப்பது நான்கு ஆண்டுகளாக என் வழக்கம். எனக்குத் தெரிந்த இருவர் இதே கருவியை ஆசையாக வாங்கி, ஒரு மாதத்திற்குள் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். உலர்ந்த மணலில் ஒழுங்காக இருந்த கருவி, அலை நனைத்த இடத்துக்கு வந்ததும் ஓயாமல் கத்தியது என்பது ஒருவரின் குறை. கரை முழுவதும் நடந்தும் ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை என்பது மற்றவரின் குறை. இரண்டுக்கும் காரணம் கருவி அன்று. வேறொரு நாட்டு மண்ணையும் நாணயத்தையும் எண்ணி ஆலையில் வைத்து அனுப்பிய செட்டிங்கோடு நம் கரையில் இறங்கியதுதான்.

கருவியின் அடியிலுள்ள வட்டமான காயிலில் (கம்பிச் சுருளில்) பாயும் மாறுதிசை மின்னோட்டம் ஒரு காந்தப்புலத்தை மணலுக்குள் இறக்குகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அது எழுப்பும் சிறு காந்தப்புலத்தை இன்னொரு காயில் உணர்கிறது. போன அலைக்கும் வந்த அலைக்கும் இடையிலான கட்ட வேறுபாட்டை, அதாவது பதில் பிந்தி வரும் அளவை, அளந்துதான் கருவி இன்ன உலோகம் என்று ஊகிக்க உதவும் ஓர் எண்ணைத் திரையில் காட்டுகிறது. ஆனால் உப்புநீரும் மின்கடத்தி. எனவே நனைந்த மணல் முழுவதும், மெல்லிய அலுமினியத் தாள் விரித்தாற்போல் ஒரு பதிலை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு நேர் எதிரான முனையிலிருந்து பதில் சொல்வது கருமணல். நம் கரையின் கருமணலில் இல்மனைட், கார்னெட் ஆகிய கனிமங்களோடு காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட்டும் உண்டு. ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவியால் இவ்விரண்டில் ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் சமன் செய்து அடக்க முடியும். உப்பை அடக்கினால் கருமணல் பேசும், கருமணலை அடக்கினால் உப்பு பேசும். பல அதிர்வெண்களை ஒருசேர அனுப்பும் கருவிகள் கடற்கரைக்குப் பொருந்துவது இதனால்தான்.

என்னிடம் முதலில் இருந்தது ஒற்றை அதிர்வெண் கருவிதான். அதை வைத்துக்கொண்டும் பயனுறத் தேடலாம் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மணல் தரும் பதிலைக் கருவி பொருட்படுத்தாதபடி சமன் செய்வதை, எந்த மணலில் தேடப்போகிறோமோ அந்த மணலிலேயே செய்ய வேண்டும். உலோகம் இல்லாத ஓரிடத்தைத் தேர்ந்து, காயிலை மணலுக்கு மேல் நான்கு விரற்கடையிலிருந்து முழங்கால் உயரம் வரை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி, ஒலி ஒரே சீராகும் வரை சமன் செய்ய வேண்டும். நடைபாதைக்கருகே உலர்ந்த மணலில் இதைச் செய்துவிட்டுத் தண்ணீரை நோக்கி இறங்கினால், ஒவ்வோர் அலைக்கும் கருவி அலறுவதில் வியப்பில்லை.

அடுத்தது சென்சிட்டிவிட்டி, அதாவது கருவியின் உணர்திறன். அதை உச்சத்தில் வைத்தால் ஆழம் கிடைக்கும் என்ற எண்ணம் ஈர மணலில் பொய்த்துப் போகிறது. தீபாவளிக்கு முந்தைய மாலை ரங்கநாதன் தெருவில் ஒருவர் மெல்லச் சொல்வதைக் கேட்க வேண்டி ஒலிவாங்கியின் திறனைக் கூட்டினால், கூட்டத்தின் இரைச்சலும் சேர்ந்தே கூடும். ஈர மணலிலும் அப்படித்தான். கருவி தானாகக் கத்துவதை நிறுத்தும் வரை சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, அங்கிருந்து இன்னும் ஒரு படி குறைத்து, காயிலை மணலுக்கு இணையாக, தரையைத் தொடுவதுபோல் மெதுவாக வீசுகிறேன். ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் நாணயம் தெளிவாக ஒலித்தால் எனக்குப் போதும். சட்டைப் பையிலுள்ள கைப்பேசியும் காயிலோடு சேர்ந்து பேசும் என்பதால் அதை முதுகுப்பையில் வைத்துவிடுவது நல்லது.

கருமணலைத் தொல்லை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் ஆண்டு டிசம்பரில், புயல் ஒன்று கடந்த மறுநாள், அலை கரையை அரித்து முழங்கால் உயரத்திற்குத் திட்டாக வெட்டியிருந்தது. ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, “தம்பி, மேல எதுக்கு நடக்குற? கருப்பா கோடு தெரியுது பாரு, கனமானது எல்லாம் அங்கதான் தங்கும். எங்க ஈயக் குண்டே அங்கதான் கெடைக்கும்” என்றார். அவர் சொன்னது இயற்பியல். வெண்மணலின் குவார்ட்ஸ் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு கனம்; மேக்னடைட் ஐந்து மடங்குக்குச் சற்று மேல்; ஈயம் 11 மடங்கு; தங்கம் 19 மடங்கு. அலை இலேசானதை வாரிக்கொண்டு போக, கனமானவை ஒரே வரியில் பின்தங்குகின்றன. கருவிக்கு மிகக் கடினமான இடமே தேடுவதற்கு மிக நல்ல இடமாகவும் இருக்கிறது. அன்று அந்த வரியில் பதினோரு ஈயக் குண்டுகளும் ஒரு வெள்ளி மெட்டியும் கிடைத்தன. “ரொம்ப நன்றி ஐயா” என்று குண்டுகளை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். பெரும்பாலான கருவிகளில் ‘நாணயம்’ என்ற ஒரு ஆயத்தத் தேர்வு உண்டு. அது ஆணி, கம்பி போன்றவற்றைத் தவிர்ப்பதற்காக டிஸ்கிரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகங்களின் ஒலியை வடிகட்டும் அளவை, கூட்டி, இரும்பின் எண்களையெல்லாம் ஊமையாக்கிவிடுகிறது. செம்பும் வெள்ளியும் கலந்த நாணயங்கள் புழங்கிய நாடுகளுக்கு அது சரி. நம் ஒரு ரூபாய் நாணயமோ 1992 முதல் ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அடிக்கப்படுகிறது. அதில் ஏறத்தாழ 83 விழுக்காடு இரும்பு, மீதி குரோமியம். வீட்டிலுள்ள காந்தத்தை ஒரு ரூபாயருகே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்வதைக் காணலாம். ஆக, ‘நாணயம்’ என்ற தேர்வு நம் நாணயத்தையே மறைக்கிறது! ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை என்ற நண்பருக்கு நேர்ந்தது இதுதான். என் கருவியில் ஒரு ரூபாய் ஒரு வீச்சில் இரும்பாகவும் மறு வீச்சில் மிக உயர்ந்த எண்ணாகவும் தாவித் தாவிக் காட்டுகிறது. சோடா பாட்டில் மூடியும் ஏறக்குறைய அப்படித்தான் தாவும். அதனால் இரண்டையும் தோண்ட வேண்டியிருக்கிறது. நான் இப்போது டிஸ்கிரிமினேஷனைப் பூஜ்யத்தில் வைத்து, எல்லா ஒலிகளையும் கேட்டு, காதாலேயே பிரித்துக்கொள்கிறேன். துருப்பிடித்த ஆணியின் ஒலி ஒரு திசையில் மட்டும் தெளிவாகக் கேட்டு, தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசினால் பெரும்பாலும் உடைந்துபோகும். வட்டமான பொருளோ எந்தத் திசையிலும் ஒன்றுபோல் ஒலிக்கும்.

தங்கத்துக்கும் இதே கதை வேறு விதத்தில் நேர்கிறது. மெல்லிய மோதிரத்தின் எண், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் சிகரெட் பெட்டியின் உள்தாளும் காட்டும் எண்களுக்கிடையே விழுகிறது. குப்பைக்கு அஞ்சி அந்த எண்களை அடைத்தால், மோதிரத்தையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம். இதைவிடக் கடினம் சங்கிலி. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா திருவான்மியூர் கடற்கரையில் ஒரு மெல்லிய தங்கச் சங்கிலியைத் தவறவிட்டபோது, “மெஷின் இருக்கே, எடுத்துடுவ இல்ல தம்பி?” என்று நம்பிக்கையோடு கேட்டார், நானும் சரி என்றேன். இரண்டு காலைகள் தேடியும் கிடைக்கவில்லை. பிறகுதான் என் அம்மாவின் சங்கிலியை வாங்கி வீட்டில் சோதித்துப் பார்த்தேன். கருவி சங்கிலியை ஒரு பொருளாகக் காண்பதில்லை; ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனிச் சிறு வளையமாகவே காண்கிறது, அவற்றுள் பெரியதான கொக்கிதான் ஓரளவாவது ஒலிக்கிறது. இதை முன்பே அறிந்திருந்தால் அவருக்கு அத்தனை நம்பிக்கை கொடுத்திருக்க மாட்டேன் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

அத்தகைய சோதனையை மொட்டைமாடியில் செய்யாதீர்கள். காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கருவியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் காயில் வெளியே நீட்டியிருக்குமாறு வைத்து, பொருள்களைக் கையில் பிடித்து அதன்முன் அசைத்துப் பார்க்க வேண்டும். 1881-இல் குண்டடிபட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேடிய அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் கருவியையும், படுக்கைக்குள் இருந்த உலோகச் சுருள்கள் குழப்பின என்பர்.

இரண்டு கட்டுப்பாடுகளையும் சொல்ல வேண்டும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்; மாமல்லபுரம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களின் பக்கம் கருவியோடு போகவே கூடாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரையேறி, அலை எட்டாத உலர்ந்த மணலில் முட்டையிடுகின்றன. அந்த மாதங்களில் நான் மேல்மணலில் ஒரு குழியும் தோண்டுவதில்லை. அலை ஏறி இறங்கும் ஈரப் பட்டையில் மட்டும், சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, டிஸ்கிரிமினேஷனைப் பூஜ்யத்தில் வைத்து நடக்கிறேன். திருவான்மியூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் அக்காவின் சங்கிலிக் கொக்கி காட்டக்கூடிய அந்தச் சின்ன எண் ஒலித்தால், மாத்திரை அட்டையாகவே இருந்தாலும், நின்று தோண்டிப் பார்க்கிறேன்.