கட்டடம் இல்லாமல் பிறந்த கழகம்

இத்தாலியின் பொலோஞா நகரத்து இடைக்கால அருங்காட்சியகத்தில் ஒரு கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். 1383இல் இறந்த ஜொவான்னி தா லெஞ்ஞானோ என்ற சட்டப் பேராசிரியரின் கல்லறைச் சிற்பம் அது. வாத்தியாரின் கல்லறையில் செதுக்கியிருப்பது பாடம் கேட்கும் மாணவர்களை! ஆளுக்கொரு புத்தகம் திறந்திருக்கிறது.

என் மகள் இந்த ஊரில் படிக்கிறாள். தங்கும் அனுமதிக்காக மாதக்கணக்கில் அலைந்தவள். "இவங்களும் வெளியூர்ப் பசங்கதாம்மா" என்றாள். உண்மையில் அவள் படிக்கும் பொலோஞா பல்கலைக்கழகத்தின் கதையே அதுதான்.

பிறந்த ஆண்டு 1088 என்பது 19ஆம் நூற்றாண்டில் விழா எடுப்பதற்காகக் குறித்த கணக்கு. உறுதியாகத் தெரிவது, 1100ஐ ஒட்டி இர்னேரியுஸ் என்பவர் இங்கே பேரரசர் ஜஸ்டினியன் காலத்து ரோமச் சட்டத்தை வரிவரியாக விளக்கிப் பாடம் சொன்னார், அதைக் கேட்க ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வந்தார்கள் என்பதுதான்.

வந்தவர்களுக்கு ஊரில் உரிமை எதுவும் இல்லை. தன் நாட்டுக்காரன் எவனோ கடன் வைத்துவிட்டுப் போயிருந்தால், அதற்காக ஒரு மாணவனைப் பிடித்துவைக்கலாம். பேரரசர் பிரெடரிக் பார்பரோசா 1150களில் அதற்குத் தடை போட்டார். ஆனாலும் வாடகைக்கும் வழக்குக்கும் தனி ஆளாக நின்றால் ஆகாது என்று மாணவர்கள் நாடுவாரியாகச் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். 'உனிவெர்சித்தாஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு அன்று அந்தச் சங்கம் என்றுதான் பொருள். நாம் 'கழகம்' என்று சேர்த்துக்கொண்டது எவ்வளவு பொருத்தம்! உள்ளூர் மாணவர்களுக்கு அதில் இடமில்லை. அவர்களுக்குத்தான் குடியுரிமை இருந்ததே.

தலைவரை, அதாவது ரெக்டரை, மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குக் கீழ்ப்படிவதாகப் பேராசிரியர்கள் சத்தியம் செய்ய வேண்டும். அனுமதியில்லாமல் ஒரு நாள்கூட விடுப்பு கிடையாது. வெளியூர் போனால், திரும்பி வருவதற்குப் பிணையாகப் பணம் கட்ட வேண்டும். வகுப்புக்கு 5 பேர்கூட வரவில்லையென்றால் அபராதம், மணி அடித்தபிறகும் இழுத்தால் அபராதம். கடினமான இடத்தைக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாலும் அபராதம்! 28 வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவள் சொல்கிறேன், அந்தக் கடைசி விதி எங்கும் இருக்க வேண்டியது.

ஆசிரியர் தரப்பிலும் நியாயம் உண்டு. கட்டணம் மாணவர் கையிலிருந்துதான் வர வேண்டும். 13ஆம் நூற்றாண்டு ஆசிரியர் ஒதொஃப்ரெதுஸ், "இவர்களுக்கு அறிவு வேண்டும், காசு கொடுக்க மட்டும் மனமில்லை" என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்.

நகரத்தோடு முட்டிக்கொண்டால் மாணவர்களிடம் ஒரே ஆயுதம்தான், ஊரைவிட்டுக் கிளம்புவது. பாடம் ஆசிரியர் வீட்டிலும் வாடகை அறையிலும் நடந்ததால் விட்டுப்போகக் கட்டடம் என்று ஒன்றும் இல்லை. 1222இல் ஒரு கூட்டம் கிளம்பிப்போய்த்தான் பதுவா பல்கலைக்கழகம் உண்டானது. 1321இல் சியெனா நகருக்குப் போனார்கள்.

எல்லாரையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த ஆர்கிஜின்னாசியோ என்ற கட்டடம் 1563இல்தான் எழுந்தது. அதன் சுவரிலும் வளைவிலும் மாணவர்களின் குலச்சின்னங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கீழே பெயரும் ஊரும். மறுநாள் காலை நானும் மகளும் கழுத்து வலிக்க அண்ணாந்து, யார் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தோம்.